ஊழியம் என்று சொல்லாதே, அக்கா

என் பிரிய அக்காவுக்கு,

நீ மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்கிறார் நம் சபை மூப்பர். எனக்கு அந்த நிச்சயம் இல்லை, உனக்குத் தெரிந்ததுதான். அதனால் நடந்ததை நானே எழுதிச் சொல்கிறேன். சபைப் பத்திரிகைக்கும் இதையே அனுப்புகிறேன். நம் இல்லத்துக்கு உதவுகிறவர்களும் படிக்கட்டும்.

நீ போன பிறகு, நீ நடத்திவந்த கொட்டாரத்து முதியோர் இல்லத்தை என் பொறுப்பில் விட்டார்கள். சென்னையில் பட்டம் வாங்கி, வகுப்பில் நின்று சரித்திரம் சொன்னவளுக்குப் படுக்கையில் கிடக்கும் கிழவிகளைப் பற்றி என்ன தெரியும்? தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது, மறுபடி தூக்குவது. பாக்கியமும் மற்றப் பணிப்பெண்களும் ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். எல்லோரையும் குளிப்பாட்டி, வெளுத்த சேலை உடுத்தி, கோவிலுக்குச் சுமந்துபோக வேண்டும். அதற்குத்தான் ஓய்வுநாள் என்று பெயர்.

மணவாளக்குறிச்சி அந்தோணியம்மாளை நினைவிருக்கிறதா? ஆள் இன்னும் கனம், வாய் இன்னும் கூர்மை.

"ஏட்டி, மெல்லப் பிடி. நான் என்ன மீன் கூடையா?"

"மீனா இருந்தா இம்புட்டு நேரத்துக்கு வித்துட்டு வீட்டுக்குப் போயிருப்பேனே" என்றாள் பாக்கியம். கிழவி சிரித்தாள். நானும்.

போன வாரம் சிரிப்பு இல்லை. அந்தோணியம்மாளைத் தூக்கும்போது பாக்கியத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டில் விளிம்பில் அவளை இறக்கிவிட்டு, வெளியே போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். கிழவி சரிந்து கீழே விழுந்தாள். அடி பெரிதில்லை, சத்தம் தெருவுக்கே கேட்டது. கூப்பிட்டும் பாக்கியம் வரவில்லை. எழ முடியவில்லையா, மனமில்லையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மூப்பர் வந்தார். ஊழியத்தில் இருப்பவளுக்குப் பொறுமை வேண்டும், அக்கா, உன்னைப் பார்த்தாவது அவள் கற்றிருக்க வேண்டும் என்று நெடுநேரம் புத்தி சொன்னார். பாக்கியம் தலை நிமிராமலே பதில் சொன்னாள்.

"ஊழியம்னு சொல்லாண்டாம், ஐயா. எங்க பாட்டாவுக்க அப்பன் சர்க்கார் உப்பு சொமந்தாரு. கூலி கேட்டா அடி. அதுக்குப் பேருதான் ஊழியம். நான் பாக்கது வேல. வேலைக்கு ஒரு நாளு லீவு உண்டுல்லா?"

திமிர் என்றார் மூப்பர். அவளை அனுப்பிவிட வேண்டும் என்கிறார். அதற்காக நாளை இல்லத்துக் கமிட்டி கூடுகிறது.

ஊழியம் என்ற அந்தச் சொல்லை நீ வேதத்திலிருந்து எடுத்துப் பிரியமாக வைத்துக்கொண்டாய். இந்த ஊரில் அதற்கு வேறு ஞாபகமும் உண்டு என்று நாம் இருவருமே அறிவோம். பிரியமாகச் சொன்னால் பழைய பொருள் போய்விடுமா?

நீயும் ஓய்வெடுக்கவில்லை. கடைசி மழைக்காலத்தில் சுவரைப் பிடித்து நடந்தாய். கேட்டதற்கு "ஒண்ணுமில்ல மக்கா" என்றாய். உன் அடக்க ஆராதனையில் உன்னைத் தியாகி என்றார்கள், ஜனம் அழுதது. இப்போது அந்தப் புகழ்ச்சியைக் காட்டித்தான் இந்தப் பெண்களை மிரட்டுகிறார்கள். இதற்கு நீ சம்மதிப்பாயா? உனக்குக் கோபம் வந்தால் அது யார் மேல் வரும்? உட்கார முடியவில்லை, அக்கா. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன்.

இன்று காலை அந்தோணியம்மாளிடமே கேட்டேன், பாக்கியத்தை அனுப்பிவிடலாமா என்று. "அவள அனுப்பினா என்னய யாரு ஏசுவா?" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, "அவளுக்க இடுப்பு சரியாவட்டும். அதுவரை என்னயத் தூக்காண்டாம், கெடக்கேன்" என்றாள்.

நாளை சொல்லப்போவதை முதலில் உனக்குச் சொல்லிவிடுகிறேன். பாக்கியம் இருப்பாள். இடுப்பு தேறும்வரை படுத்திருப்பாள். அதன்பின் இங்கே ஒவ்வொருத்திக்கும் வாரத்தில் ஒரு நாள் அவள் சொந்த நாள். அன்றைக்குக் கட்டிலின் மறுபக்கம் நான் நிற்பேன். ஐம்பதை நெருங்கும் உடம்பு எவ்வளவு தாங்குமோ, பார்க்கலாம். கிழவிகளைக் கோவிலுக்குச் சுமப்பது நிற்கும். பிரசங்கம் செய்ய விரும்புகிறவர் இங்கே வரட்டும். கமிட்டி ஒப்பாவிட்டால் அவளோடு நானும் வெளியேறுவேன்.

உன்னைப் பற்றிக் கேட்டால் நல்லதே சொல்வேன். உன்னைப் போல இருக்கச் சொல்லி இனி எந்தப் பெண்ணையும் கேட்கமாட்டேன். இது சத்தியம்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தும்
உன்னோடு ஒத்துப்போகாத
உன் தங்கை