மேலதிகாரி மகளின் முதல் வாக்கியம்

12-5-74, ஞாயிறு இரவு

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

துறைமுக அலுவலகத்தில் என் மேலதிகாரி ஒரு தற்குறி. அவருக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை நான்தான் வாசித்துப் பொருள் சொல்கிறேன். இன்று அவர் வீட்டில், இரண்டரை வயது மகள் தாகத்தில் "தண்ணி" கேட்டாள். டம்ளரை உயரத் தூக்கிக்கொண்டு, "வாட்டர்னு சொல்லு, தாரேன்" என்றார். அவள் அழுதாள்.

"நேத்துச் சொன்னாளே வே, வெள்ளைக்காரி தோத்துப்போவா!" என்று என்னிடம் இளித்தார்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயே குடிலே."

பிள்ளையின் முதல் முழு வாக்கியம். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. அவரோ, பேச்சைக் கெடுத்தது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாதான், மாதக் கடைசியில் நிறுத்திவிடுவேன் என்று குதித்தார்.

'மகளுக்குத் தண்ணீர் கொடுங்கள், ஆயாவை நிறுத்தாதீர்கள்' என்று அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். பெயர் போடாமல் காலையில் தபாலில் சேர்ப்பேன். வாசித்துக் காட்ட என்னைத்தான் கூப்பிடுவார்.