வலது கன்னத்தில் ஒரு மச்சம்

18 ஜூலை 2005, திங்கள்

வடை சுற்றி வந்த தாளில் ஒரு மச்சம்.

எண்ணெய்ப் பொட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். விரலால் தேய்த்தேன், போகவில்லை. கண்ணுக்குக் கீழே, கடுகு அளவு. அப்புறம்தான் மூக்கு தெரிந்தது, உதடு தெரிந்தது, ரிப்பன் தெரிந்தது. ஈஸ்வரி.

பிரஸ்ஸில் அடித்து வீணாய்ப்போன லேபிள் தாள். டீக்கடையில் அதைத்தான் கிழித்து வடை சுற்றுவார்கள். தாள் முழுக்க வரிசை வரிசையாக ஈஸ்வரி. தலைக்கு மேல் மஞ்சள் எழுத்தில் 'கம்பி மத்தாப்பு'. பாதி முகங்கள் எண்ணெயில் ஊறி, பின்பக்கத்து விரல் தெரிகிற அளவுக்கு.

அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஸ்டுடியோ அண்ணாச்சி உள்ளேயிருந்து, "ஏ பிள்ள, வடையத் தாளோட திங்கப் போறியா? எனக்கு ஒண்ணாச்சும் குடு" என்றார். வடையைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். எண்ணெய்க் கறை பாவாடையில். அம்மா திட்டுவாள்.

நாளெல்லாம் ஆடிக் காற்று. வாசலை எத்தனை முறை பெருக்கினாலும் மண்.

பாஸ்போர்ட் சைஸ் வெட்டினேன். ஒன்று கோணல்.

மச்சம் வலது கன்னத்தில் இருக்கிறது. ஈஸ்வரிக்கு இடது கன்னம். தாவணியும் வலது தோளில் கிடக்கிறது. நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அடித்துவிட்டார்கள். பளபளப்புப் பக்கம் எது, மங்கல் பக்கம் எது என்று பார்க்கவில்லை.

நெகட்டிவைக் கொடுத்தது நான்.

19 ஜூலை, செவ்வாய்

காற்று. கரண்டு இல்லை, மதியம் வரை சும்மா. எப்படி நடந்தது என்று எழுதி வைக்கிறேன். எழுதினால் குறையுமா என்று பார்க்க.

சித்திரையில் அண்ணாச்சி டிஜிட்டல் வாங்கினார். பழைய பிலிம் கேமரா ஷோகேஸ் அடித்தட்டுக்குப் போய்விட்டது, பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில். உள்ளே பாதி ரோல். "மிச்சத்த நீயே அடிச்சுத் தீத்துரு பிள்ள. உள்ள கெடந்து வீணாத்தான் போவும்" என்றார். அதுவரை நான் லைட் பிடிப்பேன், படம் வெட்டுவேன், கூட்டுவேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு அதுவே பெரிது.

டிஜிட்டலில் எடுத்ததும் எல்லோரும் ஓடி வந்து எட்டிப் பார்ப்பார்கள். "காட்டு காட்டு", "ஐய, எங் கண்ணு மூடியிருக்கு, அழிச்சிரு". அழித்து அழித்து எடுப்பார் அண்ணாச்சி. பழையதில் அது இல்லை. சடக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு கட்டைவிரலால் அந்த லீவரைத் தள்ளும்போது பல்சக்கரம் உள்ளே நகர்வது விரலுக்குத் தெரியும். என்ன விழுந்தது என்று பிலிம் கழுவுகிற லேபிலிருந்து வரும்வரை யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நாட்கள் எல்லாம் வயிற்றில் ஏதோ வைத்திருப்பது போல் இருக்கும்.

இன்னொன்று. அதை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டால் என் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

எடுத்தவை: ஆடு. கம்பெனி வேன் ஏற ஓடுகிற பெண்கள். காயப்போட்ட தாவணி. எங்கள் தெருக் குழாய். அம்மாவின் கால். கடைசியாக ஈஸ்வரி.

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவில் அவள் வீட்டுப் பின்பக்கம். அப்போதுதான் தலைக்குக் குளித்திருந்தாள். மத்தாப்புக் கம்பெனி வேலை. எவ்வளவு தேய்த்தாலும் காதோரத்தில் அலுமினியப் பொடி கொஞ்சம் நின்றுவிடும். வெயில் பட்டு அது மின்னியது. நிற்கவே மாட்டேன் என்றாள். கெஞ்சினேன். "ஒனக்காகத்தான் நிக்கேன். யார்ட்டயும் காட்டக் கூடாது. எங்கண்ணன் தெரியும்ல?" தெரியும். போன வருடம் அண்ணாச்சி அவள் படத்தை ஷோகேஸில் வைத்ததற்கு வந்து சத்தம் போட்டுக் கழற்ற வைத்தவர். அதற்குப் பிறகு பல நாள் அவளை வேன் ஏற விடவில்லை. சத்தியம் செய்து கொடுத்தேன். தலையில் அடித்து.

விருதுநகர் லேபிலிருந்து படம் வந்தது. மேஜை டிராயரில் வைத்திருந்தேன். அடிக்கடி திறந்து பார்ப்பேன். ஒரு நாள் அண்ணாச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தார். பிரஸ் ஆர்ட்டிஸ்ட் வந்தார், லேபிளுக்கு முகம் தேடி. திறந்த டிராயரில் பார்த்துவிட்டார். "இந்தத் தோலு டிஜிட்டல்ல வராதும்மா. பிலிமு பிலிமுதான். யாரு எடுத்தா?"

"நான்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

நெகட்டிவ் இருக்கா என்றார். கொடுத்தேன்.

சத்தியம் அப்போது நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது.

20 ஜூலை, புதன்

பயந்தபடியே. லேபிள் அம்மா வேலை பார்க்கும் கம்பெனிக்கே வந்துவிட்டது. அம்மாவும் ஈஸ்வரியும் ஒரே பேக்கிங் ஷெட்.

அம்மா கால் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு ஒரே கூத்து போ. புது லேபிளத் தூக்கிக் காட்டி ஒருத்தி, 'ஏ ஈஸ்வரி, ஒன்னய எப்பம்ளா அச்சடிச்சாக?'ன்னுட்டா. அம்புட்டு பேரும் சுத்திக்கிட்டாளுக."

"பெறகு?"

"பெறகென்ன. நாந்தான் வாங்கிப் பாத்தேன். இவளுக்கு மச்சம் எடது பக்கம், இது வலது பக்கம், இது எவளோ வடக்கத்திக்காரின்னேன். அதுக்குள்ள சூப்பர்வைசர் வந்துட்டாரு. 'மூஞ்சி பாக்கவா வந்தீக? சீசன் நேரம், ஒட்டுங்க'ன்னு ஒரே சத்தம்."

"அவ என்ன சொன்னா?"

"எனக்கு இம்புட்டு செவப்பு ஏதுன்னு சிரிச்சா. சிரிச்சுட்டு ஒட்டுனா, வேற என்ன செய்ய."

தப்பித்தேன் என்று ஒரு மூச்சு வந்தது. வந்ததே வெட்கமாக இருந்தது. அவள் முகத்துக்கு அவளே பசை தடவி, பெட்டியில் வைத்து அமுக்கி, அடுத்தது எடுத்து. பொழுது சாயும்வரை.

ராத்திரிக்கு ரசம் மட்டும்.

21 ஜூலை, வியாழன்

மதியத்துக்கு மேல் மேகம் இருட்டி இடி. இடி இடித்தால் கம்பெனியை நிறுத்திவிடுவார்கள், வேன் சீக்கிரம் வந்துவிடும். ஈஸ்வரி நேரே ஸ்டுடியோவுக்கு வந்தாள். அண்ணாச்சி உள் அறையில் கம்ப்யூட்டரோடு.

 பவுடர் டப்பாவும் சீப்பும் வைத்திருக்கும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். தாவணி முந்தியை அவிழ்த்து லேபிளை எடுத்து, கண்ணாடியில் தெரிந்த கன்னத்துக்குப் பக்கத்தில் ஒட்டிப் பிடித்தாள். கண்ணாடிக்குள் ஒரு ஈஸ்வரி. கையில் இன்னொரு ஈஸ்வரி. இரண்டுக்கும் மச்சம் ஒரே பக்கம்.

"எல்லாரும் நான் இல்லங்காக. நானும் இல்லன்னுதான் சொன்னேன்" என்றாள். "ஆனா தெனமும் தல சீவும்போது நான் பாக்குறது இவளத்தான் பிள்ள."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஊருக்கு வேறு யாரோவாகத் தெரிந்த முகம், அவளுக்கு மட்டும் அவள் முகம்.

"நீ குடுத்தியா?"

தலையாட்டினேன்.

"எதுக்கு?"

"நல்லா வந்திருக்குன்னு சொன்னாக."

"யாரு நல்லா வந்திருக்கு? நானா, நீயா?"

 லேபிளை நாலாக மடித்து முந்தியில் முடிந்துகொண்டாள். "எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா நான் வீட்டோட கெடக்க வேண்டியதுதான். தெரியாமப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கிப் போனாள். குடை கொடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை நான்.

அண்ணாச்சி: "யாரு வந்தா?"

யாருமில்லை என்றேன்.

22 ஜூலை, வெள்ளி

வெயில். ஆர்ட்டிஸ்ட் வந்தார். பல் தெரியச் சிரிப்பு.

"மொதலாளிக்கு ஒம் படம் ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா. காலண்டருக்கும் அதேதான். ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் போட்டாகணும்ல." புது வருடக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக்கி ஆடிப் பதினெட்டில்தான் எல்லா பிரஸ்ஸும் வெளியே விடும். "ஒண்ணு மட்டும் கண்டுபிடிச்சிட்டாரு. தாவணி தப்பான தோள்ல கெடக்குதாம். லேபிள் போனது போகட்டும். காலண்டர்ல நேராத் திருப்பிப் போட்டுருவோம்."

திருப்பிப் போட்டால் மச்சம் இடது கன்னத்துக்கு வந்துவிடும்.

லேபிள் உள்ளங்கை அளவு. கொளுத்தித் தீர்ந்ததும் குப்பை. காலண்டர் சுவர் அளவு. மளிகைக்கடையில் சும்மா கொடுப்பார்கள். அவள் வீட்டுச் சுவரிலும் தொங்கும், அவள் அண்ணன் தினமும் தேதி கிழிப்பார்.

இவ்வளவும் நின்ற இடத்திலேயே தோன்றிவிட்டது. வாயிலிருந்து வந்தது: "சரி சார்."

சரி சார். அவர் போன பிறகும் அதுவே காதில். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனாலேயே பாதி நாள் போகமாட்டேன். அன்று அது எனக்கு மட்டும்தான் கெடுதல்.

மல்லிகைப் பூ வாங்கவில்லை. அம்மா கேட்டாள், தலைவலி என்றேன்.

23 ஜூலை, சனி

லேபுக்குப் போகிறேன் என்று அண்ணாச்சியிடம் பொய். பிரஸ்ஸுக்குப் போனேன்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே. 'ஆர்ட்டிஸ்ட் சாரப் பாக்கணும்.' மிஷின் சத்தத்தில் வாட்ச்மேனுக்கு என் குரல் கேட்கவில்லை. திரும்பிவிடலாம் என்று இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன். "கத்திச் சொல்லு தாயி, காது என்ன கம்ப்யூட்டரா?" கத்தினேன். மை வாசனை, மண்ணெண்ணெய் வாசனை. தரையெல்லாம் சாமி படங்கள்.

ஆர்ட்டிஸ்ட் அறை. கம்ப்யூட்டர் திரையில் ஈஸ்வரி. இவ்வளவு பெரிதாக அவளை நான் பார்த்ததில்லை. காதோரம் அலுமினியப் பொடி ஒவ்வொன்றாகத் தெரிகிறது. மச்சம் இடது கன்னத்துக்கு வந்துவிட்டது. நான் எடுத்ததிலேயே நல்ல படம். அந்த நேரத்திலும் அப்படித்தான் தோன்றியது.

"சார், இது வேண்டாம் சார்."

"என்னம்மா?"

"அந்தப் பிள்ளட்ட கேக்காமக் குடுத்துட்டேன்."

"அன்னைக்கு நீதானம்மா சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்த?"

"ஆமா சார். மொகம் என்னோடது இல்ல சார்."

கொஞ்ச நேரம் காதைச் சொறிந்தார். பிறகு, "மச்சத்த அழிச்சிட்டாப் போச்சு. ஒரு நிமிஷ வேல" என்று மவுஸை நகர்த்தினார். மச்சம் போய்விட்டது. எண்ணெய்ப் பொட்டு என்று நினைத்து நான் விரலால் தேய்த்தேனே, அது. இவர் தேய்த்தார், போய்விட்டது. ஆனால் ஈஸ்வரி அங்கேயேதான் இருந்தாள், மச்சம் இல்லாமல்.

"அப்பவும் தெரியும் சார். அவ அண்ணன் கூடப் பொறந்தவரு."

"நெகட்டிவத் திருப்பிக் குடுத்தா மட்டும் ஆச்சா? இந்தா, கம்ப்யூட்டருக்குள்ள கெடக்கே." மேஜையில் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். "இங்க பாரு. பக்கத்தக் காலியா விட்டு ஆல்பம் போட முடியாது. வேற மொகம் குடு. டிஜிட்டல் வேண்டாம், பெருசாக்குனா கட்டம் கட்டமா ஒடையும். பிலிம்ல எடுத்து புதன்கிழமைக்குள்ள நெகட்டிவக் கொண்டா. இத நான் அழிச்சிடுதேன், நெகட்டிவையும் தாரேன்."

"யாரு மொகம் சார்?"

"யாரா இருந்தா என்ன? இந்தத் தடவ கேட்டுட்டு எடு."

வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். பக்கத்து வீட்டு மாரி: அவள் அப்பா விடமாட்டார். டெய்லர் மகள்: நிச்சயம் ஆகியிருக்கிறது. கூடப் படித்த ஜெபா: நர்சிங் சேர்ந்துவிட்டாள், அவள் அம்மா டீச்சர், வாய்ப்பே இல்லை. யாரை நினைத்தாலும் அவளுக்குப் பின்னால் ஒரு அண்ணன் நிற்கிறான்.

கேட்டால் சரி என்று சொல்லக்கூடிய முகம் எது?

24 ஜூலை, ஞாயிறு

காற்று நின்றிருந்தது.

காலையில் குழாயடி. ஈஸ்வரி குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். பிரஸ்ஸுக்குப் போனதை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல ஏதாவது கையில் இருக்கட்டும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் ஒரு குட்டு. "அவ மச்சத்துக்கு நான்ல சாட்சி சொல்லிட்டு வந்திருக்கேன், பாவி." அப்புறம் அடுப்பைத் தணித்தாள். "நம்ம வீட்டுல கேக்க யாரு இருக்கா? நாந்தான. இங்கன வந்து உக்காரு" என்று எண்ணெய் வைத்து இறுக்கமாகப் பின்னிவிட்டாள். ரிப்பன் வேண்டாம் என்றேன்.

ஸ்டுடியோ. ஷோகேஸ் அடித்தட்டிலிருந்து கேமராவை எடுத்துத் துடைத்தேன். உறையில் பல்லி முட்டை.

"அத எதுக்கு எடுக்க?" என்றார் அண்ணாச்சி. சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் ஒன்றையும் விடாமல். அவர் அவ்வளவு கோபமாகி நான் பார்த்ததில்லை. "அவன் இங்க வந்து நின்னா நான் என்ன பதில் சொல்ல? ம்? எங் கடையில இருந்து போயிருக்கு!" அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். எழுந்து போய் பிரிட்ஜில் தயிருக்குப் பின்னாலிருந்து ஒரு ரோல் கொண்டுவந்தார். "இதான் கடேசி. தேதி முடிஞ்சுபோச்சு. வந்தா வரும்."

அவரே போட்டார். நுனியைச் செருகி, மூடி, இரண்டு தரம் தள்ளி. மறந்துபோகவில்லை அவர் விரலுக்கு.

"சரி, யாரு நிக்கா?"

கேமராவை அவர் கையிலேயே விட்டுவிட்டு திரைச்சீலைக்கு முன்னால் போனேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். லைட்டைப் போட்டார். லைட்டுக்கு இந்தப் பக்கம் இவ்வளவு சூடு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எத்தனை பேரை இங்கே உட்கார வைத்திருக்கிறேன்.

"தலையக் குனியாத பிள்ள. இதுல அழிச்சு அழிச்சு எடுக்க முடியாது."

தாவணியை இடது தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தேன்.