ஒரே பக்கம் பார்த்த படை

அம்மாவுக்கு உன் மகளின் வணக்கம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, டிமிக்கி கொடுக்கிறாரா?

எங்கள் பட்டறையில் விரலளவு போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறோம் என்று எழுதியிருந்தேனே, போன வாரம் அதில் ஒரு கூத்து. பிரைமர் என்னும் அடிப்பூச்சு பூசிக் காய்ந்த ஒரு பழங்காலத் துப்பாக்கிப் படையை என்னிடம் கொடுத்து, ஆயில் பெயின்டில் முகம் தீட்டச் சொன்னார்கள். முடித்ததும் முதலாளி அந்த வீரர்கள் எல்லாரையும் என் மேசையில் வரிசையாக நிறுத்தினார். துப்பாக்கிகள் நேராக நீட்டியிருக்கின்றன. கண்கள் மட்டும் ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் திரும்பி என் நாற்காலியைப் பார்க்கின்றன! தீட்டும்போது எனக்கே தெரியவில்லை.

“எதிரி முன்னாடி நிக்கிறான்மா, இவங்க எல்லாரும் உன்னையே பாத்துட்டு நிக்கிறாங்களே!” என்றார். பட்டறையே சிரித்தது. நானும்தான்.

ஆயில் பெயின்ட் சீக்கிரம் காயாது, பிழைத்தேன். டர்பன்டைனைத் தொட்டு ஒவ்வொரு கண்ணாகத் துடைத்து, புதிதாக வைத்தேன். இப்போது எல்லாரும் ஒழுங்காக எதிரியைப் பார்க்கிறார்கள். என்னைப் பார்க்க ஆளில்லாமல் மேசைதான் கொஞ்சம் வெறிச்சென்று ஆகிவிட்டது.

தூரிகை துடைக்க உன் பழைய நூல் புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. இங்கே கிடைக்கும் துணி சொரசொரவென்று இருக்கிறது. அப்படியே உன் போட்டோ ஒன்றும் வை. என்னிடம் இருப்பதில் நீ அடுப்பிலிருக்கும் பாலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். பால் பொங்கி வழிந்தாலும் பரவாயில்லை அம்மா, இந்தத் தடவை கேமராவை நேராகப் பார்.

உன் மகள்