சிவப்புப் புள்ளி இல்லாத லயம்

பிரிஞ்சாங்
12-6-1943

அன்பு மகள் பவுலினுக்கு, அப்பா கிரகரி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் மூச்சோடு இருக்கிறோம். தைப்பிங்கில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள், அதனால் கடைக்காரர் முகம்மது கனி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அம்மாவுக்கு மூட்டுவலி, ஆனால் வாய் குறையவில்லை. அரிசி கண்ணில் படுவதில்லை, மூன்று வேளையும் மரவள்ளிதான். அதை நட இடம் வேண்டுமென்று தோட்டத்தில் ஓடைக்கரைக் காட்டையெல்லாம் வெட்டினார்கள். வெயில் பட்ட ஓடையில்தான் காய்ச்சல் கொசு முட்டையிடும் என்று, மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் நான், தொண்டை வறளக் கத்தினேன், யார் கேட்டது? தோட்டத்துப் படம் வரைந்து, ஓடைக்கு நீலமும் காய்ச்சல் கண்ட வீட்டுக்குச் சிவப்புப் புள்ளியும் வைத்து மருந்தறைச் சுவரில் ஒட்டினேன். காடு வெட்டிய பக்கத்து நாலு லயத்து வீட்டு வரிசையிலும் அம்மை வார்த்ததுபோல் புள்ளி. நம் வீடு இருக்கிற ஐந்தாம் லயத்தார் மட்டும் என் பேச்சைக் கேட்டுக் காட்டைத் தொடவில்லை, கங்காணி முனியாண்டி தொடவிடவில்லை. அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. போன மாதம் வந்த ஜப்பான் அதிகாரி அந்தப் படம் என்னவென்று கேட்டான். மெச்சுவான் என்று நினைத்து, முட்டாள் நான், ஒவ்வொன்றாக விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நாகரத்தினம் வந்து, சயாம் ரயில் போட ஆள் கேக்குறான் சார், புள்ளி இல்லாத லயத்து ஆம்பளைங்க அத்தனை பேரும் வேணுமாம்லா, சீக்காளி வேணாமாம் என்றார். என் சொல்லைக் கேட்டவர்களையே நான் காட்டிக்கொடுத்துவிட்டேன், பவுலின். முனியாண்டி என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

அடுத்த மாதம் ஆள் ஏற்றிப்போக லோரி வரும், முன்னே சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. இப்போது புதிதாகப் புள்ளி வைத்துப் பயனில்லை, அவர்களுடைய டாக்டர் ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இருந்தால்தான் விடுவாராம். அதனால் உன் தம்பி ஆர்தரை மூன்றாம் லயத்தில், ஓடையோர வீட்டில், வலையில்லாமல் படுக்க அனுப்பினேன். பெற்ற தகப்பன் செய்கிற காரியமா இது? அவன் எதிர்த்துப் பேசவில்லை, எனக்கு மட்டும்தானாப்பா, மத்தவங்களுக்கு என்று கேட்டான். இப்போது முனியாண்டியின் மகனும் ஐந்தாம் லயத்துப் பையன்கள் பத்துப் பேரும் அவனோடு படுக்கிறார்கள். இன்று காலை ஆர்தர் உடம்பெல்லாம் குளிருகிறது என்றான். அம்மா அழுதாள். எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை.

நீ பிள்ளையை வலைக்குள்ளேயே படுக்க வை, வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதே. எல்லாருக்கும் எங்கள் ஆசீர்வாதம், மாதா உங்களைக் கைவிடமாட்டாள். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

மறந்துவிடாதே, இங்கே காய்ச்சலுக்குக் கொடுக்கக் கொயினா ஒரு மாத்திரைகூட இல்லை. எப்படியாவது தேடிப் பன்னிரண்டு பேருக்குச் சேர்த்து வை. ஆனால் லோரி வந்து போகும்வரை அனுப்பாதே. கையில் இருந்தால் நான் கொடுத்துவிடுவேன்.

உன் அப்பா,
ம. கிரகரி