நாற்பது துண்டுகளுக்கும் ஒரே குறி

அன்புள்ள அக்கா,

இதை வீட்டுக்கு அனுப்பவில்லை, நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன். படித்ததும் அங்கேயே கிழித்துவிடு.

குரலிலிருந்து மனநிலையைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்குவதுதான் என் ஆய்வு. நீ சம்மதித்ததால் நம் போன் பேச்சிலிருந்து நாற்பது துண்டுகள் வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கோபம், மகிழ்ச்சி, பயம், இயல்பு என்று ஏதாவது ஒரு குறி போட வேண்டும். நானும், உன்னை யாரென்றே தெரியாத இரண்டு தோழிகளும் தனித்தனியாகப் போட்டோம்.

நேற்று பேராசிரியர் மூன்று பட்டியலையும் மேசையில் பரப்பினார்.

"அவங்க ரெண்டு பேரும் முப்பத்தோரு இடத்துல பயம்னு போட்டிருக்காங்க. நீ மட்டும் எல்லாத்துக்கும் இயல்புன்னு போட்டிருக்கே. உனக்குக் காது கேக்குதாம்மா?"

"அக்கா எப்பவும் இப்படித்தான் சார் பேசுவா" என்றேன். சொன்ன பிறகுதான், எப்போதிலிருந்து இப்படி என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

உன் கல்யாணத்துக்கு முந்தைய பதிவு ஒன்றைத் தேடிக் கேட்டேன். அது வேறு குரல். அந்த முப்பத்தொன்றையும் மறுபடி கேட்டேன். எல்லாவற்றிலும் பின்னால் அத்தான் இருமுகிறார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விடும்போது வாசலில் நிற்பேன். உன் சான்றிதழ்களை மட்டும் கைப்பையில் எடுத்துக்கொள். அதுவரை போனில் வழக்கம்போல "நல்லா இருக்கேன்" என்றே சொல்.

இனி எனக்குக் காது கேட்கும்.

உன் தங்கை