பச்சை விளக்கு எரிந்த டிஸ்க்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா? நான் நலம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் ஆலையின் பெரிய கணினியான மெயின்பிரேமில், பதிவுகளைச் சேமிக்கும் டிஸ்க்கை எந்த புரோகிராமும் நேராகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதன் முகவரி, வகை, தயாரா இல்லையா என்று சின்னதாக ஒரு விவரக் குறிப்பு கணினிக்குள்ளே இருக்கும். அதைப் பார்த்துத்தான் படிப்பதும் எழுதுவதும். குறிப்பை எடுத்துவிட்டால், கணினிக்கு அந்த டிஸ்க்கே கிடையாது.

போன மாதம் ஆலையில் கொதிகலன் வெடித்ததே, அந்த நாளின் பதிவுகள் இருந்த டிஸ்க்கின் குறிப்பை எங்கள் மேலாளர் எடுத்துவிட்டார். விசாரணைக்கு வந்த அதிகாரி தேடிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு டிஸ்க்கே இல்லையே" என்றார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அதோ, அந்த டிஸ்க்குல பச்சை விளக்கு எரியுது பாருங்க சார்" என்று கையைக் காட்டினேன். மேலாளர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இன்று காலை அலுவலக வாசற்கதவு என் அடையாள அட்டைக்குத் திறக்கவில்லை. தினமும் வணக்கம் சொல்கிற காவலர் திரையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டத்துல உங்க பேரே இல்லையேம்மா" என்றார். ஏதோ கோளாறாக இருக்கும், கவலைப்படாதீர்கள்.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புங்கள். நான் வேலையில் சேர்ந்த அன்று அலுவலக வாசலில் எடுத்த போட்டோவைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். அலுவலக எண்ணுக்குக் கூப்பிட வேண்டாம். தப்பித்தவறிக் கூப்பிட்டு, அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவே இல்லை என்று சொன்னால், நம்பாதீர்கள்.

அவசரத்தில்,
உங்கள் மூத்தவள்