பாட்டுக்காரி கேட்ட பெயர்

மரக்காணம்
9.5.1974

தெய்வநாயகிக்கு,

உன் கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறேன். வெயில் நன்றாக அடிக்கிறது, பாத்தியில் உப்பும் நன்றாக விளைகிறது.

உனக்குப் பிள்ளை பிறக்கப் போவது சந்தோஷம். ஆனால், மாப்பிள்ளை வாத்தியார் வேலைக்குப் போன அந்த நைஜீரியாவில், எட்டாம் நாள் பெயர் வைக்கும்போது ஒரு பெண் வந்து வம்சத்தைப் புகழ்ந்து பாடுவாளாம். அதற்கு நம் முன்னோர் கதையை நான் எழுதி அனுப்ப வேண்டுமாம். எதற்கு? கல்யாணப் பத்திரிகையில் ‘மாணிக்கம் மகள்’ என்று அச்சடித்தாயே, அந்த மாணிக்கத்தைக் கேள். மாப்பிள்ளை வீட்டார் டவுன் ஆட்கள், மண்ணாங்கட்டி என்ற என் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள் என்றாய். நான் கல்யாணத்துக்கு வரவில்லை. அதில் இன்றும் வருத்தமில்லை. பள்ளிக்கூடம் போகாமல், கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றவன் நான். முதலில் எழுதிப் பழகியது என் பெயரைத்தான்.

டீக்கடை சுப்ராயனிடம் சொன்னேன். “ஏம்பா மண்ணாங்கட்டி, ஊர்க்காரன் பேரைப் பாடுறதெல்லாம் ஒரு பொழப்பா? உன் பேரைப் பாடினா அவளுக்குச் சோறு கெடைக்காது” என்றான். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இப்படிக்கு,
மண்ணாங்கட்டி


ஓயோ
2.6.1974

அன்புள்ள நைனாவுக்கு,

பாட வரும் அந்தப் பெண்ணுக்கு அகித்தான் என்று பெயர். என்னைவிடச் சின்னவள். இந்த ஊர் யோருபாக்காரர்கள் வீட்டில் கல்யாணம், பெயர் வைப்பது என்று எது நடந்தாலும் அவளைக் கூப்பிடுகிறார்கள். மேளம் அடிக்க அவளோடு தெருப் பையன்கள் வருகிறார்கள். எல்லோருக்கும் அதுதான் வருமானம். அதில்தான் தம்பியைப் படிக்க வைக்கிறாள். அவன் உங்கள் மாப்பிள்ளையின் வகுப்பில் இருக்கிறான்.

அவளிடமும் உங்கள் பெயர் மாணிக்கம் என்றுதான் சொன்னேன். ஏன் அந்தப் பெயர், யார் வைத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் உண்மையைச் சொன்னேன். “பொய்ப் பேரைப் பாடியிருந்தா அடுத்த வீட்டுல என்னை யாரு கூப்பிடுவாங்க?” என்று கோபித்தாள். உங்கள் பெயருக்கு அர்த்தம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவள் பெயருக்குக் குப்பைமேடு என்று அர்த்தமாம். அவளுக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லையாம். சாவு ஆசைப்படாத பெயராக வைத்தார்களாம். “உங்க அப்பாவுக்கும் அப்படித்தானா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, நைனா.

நீங்கள் எழுதாவிட்டால் என் பிள்ளைக்குப் பாடும் பாட்டில் அம்மா வீடே இருக்காது. பெயர் வைக்கும் அன்றைக்குக் குழந்தையின் நாக்கில் உப்பும் வைப்பார்கள்.

உங்கள் மகள்,
தெய்வநாயகி


மரக்காணம்
28.6.1974

அன்பு மகள் தெய்வநாயகிக்கு,

இத்தனை வருஷத்தில் நீ கேட்காததை அந்தப் பெண் கேட்டுவிட்டாள். அவளுக்காக எழுதுகிறேன்.

எனக்கு முன் பிறந்த யாரும் ஒரு வயதைத் தாண்டவில்லை. நான் பிறந்ததும் என் அம்மா முத்தம்மாள் என்னைக் குப்பையில் புரட்டிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி உப்பு கொடுத்துத் திரும்ப வாங்கினாள். மற்றவர்கள் தவிடு கொடுத்து வாங்குவார்கள். எங்கள் வீட்டில் உப்புதான் இருந்தது. என் அப்பா தேசப்பன், மழை கரைத்த வரப்பை மறுநாளே மிதித்துக் கட்டுகிறவர். வம்சம் இவ்வளவுதான். பாட முடிந்தால் பாடட்டும்.

சுப்ராயனிடம் அவள் பெயரைச் சொன்னேன். “நம்ம குப்பம்மா மாதிரியா?” என்றான். குப்பம்மாள் அவன் தங்கை.

உன் பிள்ளைக்கு என் பெயரை வைக்காதே. அது பிள்ளை தங்காத வீட்டுப் பெயர். நல்ல பெயராக வை. பாட்டில் மட்டும் என் பெயரைச் சத்தமாகச் சொல்லச் சொல், மாப்பிள்ளை காதில் விழட்டும். அந்தப் பெண்ணிடம் கூலிக்குப் பேரம் பேசாதே.

பத்திரிகை விஷயத்தை நான் மறக்கவில்லை. உள்ளே காகிதத்தில் உப்பு மடித்து வைத்திருக்கிறேன். அங்கே கடையில் வாங்காதே.

இப்படிக்கு,
மண்ணாங்கட்டி


ஓயோ
11.8.1974

அன்புள்ள நைனாவுக்கு,

பெண் பிறந்திருக்கிறாள். நேற்று பெயர் வைத்தோம். செல்லம்மாள் என்று வைத்திருக்கிறோம்.

அகித்தான் உங்கள் பெயரை நீட்டி, “உப்புக்கு மீட்ட பிள்ளை” என்று சேர்த்துப் பாடினாள். உங்கள் மாப்பிள்ளை எழுந்து போய் அவள் நெற்றியில் பண நோட்டு ஒட்டினார். இங்கே அது மரியாதை. பாட்டைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரரும் தன் மகள் கல்யாணத்துக்கு அவளை அழைத்திருக்கிறார்.

உங்கள் உப்பை நாக்கில் வைத்ததும் குழந்தை முகம் சுளித்தாள். பிறகு மறுபடி நாக்கை நீட்டினாள்.

இப்படிக்கு,
மண்ணாங்கட்டி மகள்
தெய்வநாயகி